ஊர்தி இருவழி வானொலி

ஊர்தி இருவழி வானொலி என்பது ஓர் ஊர்தியினுள் நிலையாகப் பொருத்தப்பட்டு, அவ்வூர்தியின் மின்கலத்திலிருந்து மின்சாரம் பெற்று, பேசவும் கேட்கவும் பயன்படும் வானொலிக் கருவி ஆகும். கையில் எடுத்துச் செல்லும் வாக்கி-டாக்கியிலிருந்து இது மூன்று வகைகளில் வேறுபடுகின்றது. இதன் செலுத்துதிறன் கூடுதலானது. இதன் ஆன்டெனா ஊர்திக்கு வெளியே நிற்கின்றது. ஊர்தி இயங்கும்வரை இதற்கு மின்சாரம் தடைபடுவதில்லை. காவல்துறை, தீயணைப்புத்துறை, வனத்துறை ஆகியவற்றின் ஊர்திகளில் இக்கருவியைக் காணலாம். நான்கு சக்கரங்களும் இயக்கப்படும் ஜீப் வகை ஊர்திகளில், சாலை வசதியற்ற இடங்களில் பயணம் செய்வோரும் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களும் இதனைப் பொருத்திக்கொள்கின்றனர்.

இத்தகைய அமைப்பு நன்கு செயற்படுவது கருவியின் மேல் எழுதப்பட்டுள்ள வாட் எண்ணைவிட, ஆன்டெனா நிற்கும் இடம், மின் இணைப்பின் தரம் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது. இந்தியாவில் இவை இரண்டுக்கும் முன்பாக உரிமம் பற்றிய கேள்விக்கு விடை காணவேண்டியுள்ளது. இக்கட்டுரையில் தூத்துக்குடி மாவட்டத்தின் கடம்பூரைச் சூழ்ந்த கரிசல் நிலப்பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

வரலாறு

ஊர்திகளில் வானொலித் தொடர்பை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவை அமெரிக்கக் காவல்துறைகள் ஆகும். 1928 இல் டெட்ராய்ட் நகரக் காவல்துறை தன் ஊர்திகளில் செய்தி வாங்கும் கருவிகளைப் பொருத்தியது. அவற்றில் கேட்க மட்டுமே இயன்றது. மறுமொழி கூற இயலவில்லை. 1933 இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரக் காவல்துறை ஊர்தியிலிருந்தும் பேசக்கூடிய இருவழி முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அக்காலக் கருவிகள் வீச்சுப் பண்பேற்றத்தில் இயங்கியதால் என்ஜின் தீப்பொறியின் இரைச்சல் பேச்சை மறைத்தது. 1940 ஆம் ஆண்டையொட்டிக் கனெக்டிகட் மாநிலக் காவல்துறை அதிர்வெண் பண்பேற்ற முறைக்கு, அதாவது எஃப்.எம். முறைக்கு மாறியது. இன்றும் ஊர்திக் கருவிகளிற் பெரும்பாலானவை இம்முறையையே பயன்படுத்துகின்றன.

இரண்டாம் உலகப் போரில் ஜீப்பும் வானொலியும் ஒன்றாகவே களத்திற்குச் சென்றன. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947 இல் வில்லிஸ் ஜீப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. பின்னர் 1985 முதல் 2018 வரை விற்பனையில் இருந்த மாருதி ஜிப்சி, படைத்துறையிலும் காவல்துறையிலும் வானொலி பொருத்திய ஊர்தியாகப் பரவலாக அறியப்பட்டது.

கடம்பூர்ப் பகுதியின் நிலவியல்பு

கடம்பூர் மதுரை - திருநெல்வேலி இரயில் பாதையில், கோவில்பட்டிக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. கோவில்பட்டி, கடம்பூர், கயத்தாறு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல் காடு ஆகும். பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம் முதலியன இங்கே விளைகின்றன. கழுகுமலை, குருமலை போன்ற தனிக்குன்றுகளைத் தவிர நிலம் பெரும்பாலும் சமமானது. கயத்தாற்றில் காற்றாலைகளும் காற்றாலைச் சோதனை நிலையமும் உள்ளன.

கரிசல் மண்ணில் நீரை உறிஞ்சி விரியும் களிமண் கனிமங்கள் மிகுதி. கோடையில் இம்மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கின்றது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வண்டிப்பாதைகள் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் சேறாகின்றன. தார்ச்சாலையிலிருந்து இரண்டு கி.மீ. உள்ளே சிக்கிய ஊர்தி, மற்றோர் ஊர்தி வந்து இழுக்கும்வரை அங்கேயே நிற்க நேரிடுகின்றது.

கைபேசி வலையமைப்பு பரவிய பின்பு இருவழி வானொலியின் தேவை குறைந்துள்ளது உண்மையே. எனினும் கைபேசிக் கோபுரங்கள் மின்சாரத்தையும் இணைப்பு வடங்களையும் நம்பியுள்ளன. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு இரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் சிறீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. இத்தகைய வேளைகளில், இடையில் எந்தக் கோபுரமும் இன்றி ஓர் ஊர்தியிலிருந்து இன்னோர் ஊர்திக்கு நேரடியாகப் பேசக்கூடிய கருவி பயனுள்ளதாகின்றது.

எட்டும் தொலைவு

ஊர்திகளிற் பயன்படும் மீயுயர் அதிர்வெண் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்கின்றன. புவியின் வளைவு அவற்றை மறைப்பதால், ஆன்டெனாக்களின் உயரமே எட்டும் தொலைவை முதன்மையாகத் தீர்மானிக்கின்றது. வளிமண்டலத்தில் அலைகள் சற்று வளைவதையும் கணக்கில் கொண்டு, பின்வரும் வாய்பாடு பயன்படுத்தப்படுகின்றது:

தொலைவு (கி.மீ.) = 4.12 × (√உ1 + √உ2)

இதில் உ1, உ2 என்பன இரு ஆன்டெனாக்களின் உயரங்கள் ஆகும் (மீட்டரில்). சமநிலத்தில் இவ்வாய்பாடு தரும் விடைகள் சில:

* இரு ஜீப்புகள், இரண்டிலும் ஆன்டெனாவின் உயரம் 2 மீட்டர்: சுமார் 11.7 கி.மீ.
* ஒரு ஜீப்பும் 30 மீட்டர் உயரக் கோபுரமும்: சுமார் 28 கி.மீ.
* ஒரு ஜீப்பும் சுற்றுநிலத்திலிருந்து 100 மீட்டர் உயர்ந்த குன்றும்: சுமார் 47 கி.மீ.

ஆகவே கடம்பூரில் நிற்கும் ஜீப்பும் கோவில்பட்டியில் நிற்கும் ஜீப்பும் நேரடியாகப் பேசிக்கொள்வது அரிது. கோவில்பட்டியில் 30 மீட்டர் கோபுரத்தில் ஆன்டெனா இருந்தால் அதே ஜீப்பிலிருந்து எளிதாகப் பேசலாம். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் ஒரு நிலையம் இருப்பின், கணக்கின்படி அதன் எல்லை 190 கி.மீ.க்கும் அப்பால் செல்கின்றது. கடம்பூர் அங்கிருந்து நேர்கோட்டில் 150 கி.மீ.க்குள் இருந்தாலும், இடையிலுள்ள மலைத்தொடர்கள் அலையை மறைக்கக்கூடும் என்பதால் வாய்பாட்டை மட்டும் நம்பவியலாது.

இக்கணக்கில் வாட் என்னும் சொல்லே இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. செலுத்துதிறனை 25 வாட்டிலிருந்து 50 வாட்டாக இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. இது பேச்சின் தெளிவைச் சற்றே கூட்டும். மாறாக, உலோகக் கூண்டு போன்ற ஊர்தியினுள் அமர்ந்து பேசும் வாக்கி-டாக்கியை விடுத்து, கூரைமேல் ஆன்டெனா வைத்தால் இதனினும் பன்மடங்கு ஆதாயம் கிடைக்கின்றது. வாங்குவதிலும் இதே ஆதாயம் கிடைக்கின்றது. செலுத்துதிறன் கூடுவதால் கேட்கும் திறன் கூடுவதில்லை.

உயரமான இடத்தில் நின்று ஓர் அதிர்வெண்ணில் வாங்கிய பேச்சை, அதே நேரத்தில் மற்றோர் அதிர்வெண்ணில் திரும்பச் செலுத்தும் நிலையம் மீள்பரப்பி எனப்படுகின்றது. பேச்சுவழக்கில் இதனை ரிப்பீட்டர் என்பர். 144 - 146 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இவ்விரு அதிர்வெண்களுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு வைக்கப்படுகின்றது.

இந்தியாவில் சட்டநிலை

நான்கு சக்கர இயக்க ஊர்திகளுக்கான வழிகாட்டி நூல்கள் பல ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. ஆஸ்திரேலியாவில் 476 - 477 மெகாஹெர்ட்ஸ் அளவில் 80 அலைவரிசைகளும், அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 40 அலைவரிசைகளும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. அவ்வனுமதிகள் இந்தியாவிற்குப் பொருந்தா. இந்தியாவில் அதிர்வெண் ஒதுக்கீட்டை, 1952 இல் தொடங்கப்பட்ட கம்பியில்லாத் தொடர்பு திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு கவனிக்கின்றது. இது தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்குகின்றது. தனியொருவரோ நிறுவனமோ கருதக்கூடிய வழிகள் நான்கு:

* மக்கள் பட்டை: 26.957 - 27.283 மெகாஹெர்ட்ஸ் எல்லையில், 5 வாட் வரையிலான கருவிகளுக்கு 2005 ஆம் ஆண்டு விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு அளித்தன. ஆன்டெனா கருவியுடனேயே அமைந்ததாக இருத்தல் வேண்டும். அமெரிக்கக் கருவியின் 40 அலைவரிசைகளுள் 28 முதல் 40 வரையிலானவை 27.285 மெகாஹெர்ட்சில் தொடங்கி மேலே செல்வதால், இந்த எல்லைக்கு வெளியே விழுகின்றன.
* 446.0 - 446.2 மெகாஹெர்ட்ஸ்: குறுந்தொலைவு வாக்கி-டாக்கிகளுக்கான இப்பட்டைக்கு 2018 ஆம் ஆண்டு விதிகளின்கீழ் உரிமம் தேவையில்லை. இப்பட்டைக்கான ஐரோப்பியத் தரத்தின்படி திறன் 0.5 வாட், ஆன்டெனா கழற்றவியலாதது. வரிசையாகச் செல்லும் ஊர்திகள் ஒன்றோடொன்று பேச இது போதுமானது.
* அமெச்சூர் வானொலி: தேர்வெழுதி உரிமம் பெற்றோர் 144 - 146, 434 - 438 மெகாஹெர்ட்ஸ் முதலிய பட்டைகளைப் பயன்படுத்தலாம். 12 வயது நிறைந்தோர் தேர்வெழுதத் தகுதியுடையோர். தொடக்க நிலை உரிமத்திற்கு மோர்சு தேர்வு இல்லை. வணிகம் சார்ந்த பேச்சுக்கு இப்பட்டைகளைப் பயன்படுத்தக் கூடாது.
* நிறுவன உரிமம்: காற்றாலைப் பராமரிப்பு, சுரங்கம், கட்டுமானம் போன்ற பணிகளுக்கு நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பித்துத் தனி அதிர்வெண் பெறுதல்.

முதலிரண்டு வழிகளிலும் ஆன்டெனா கருவியிலேயே அமைந்திருப்பதால், கூரைமேல் தனி ஆன்டெனா வைத்த நிலையான ஊர்தி வானொலி அமெச்சூர் உரிமத்திலோ நிறுவன உரிமத்திலோதான் சட்டப்படி இயலும். அமெச்சூர் உரிமம் ஒரு குறிப்பிட்ட நிலையத்திற்கு வழங்கப்படுவதால், ஊர்தியிலிருந்து இயக்குவதற்குரிய நிபந்தனைகளை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

இணைய அங்காடிகளில் உரிம விவரமின்றி வாக்கி-டாக்கிகள் விற்கப்படுவதைக் கட்டுப்படுத்த, நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கடையில் எளிதாகக் கிடைப்பதாலேயே ஒரு கருவியைப் பயன்படுத்தலாம் என்று பொருளாகாது. காவல்துறை, இரயில்வே முதலிய துறைகளின் அதிர்வெண்களில் தவறுதலாகப் பேசுவதும் அவற்றின் அவசரத் தொடர்பைக் குலைக்கும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கருவியின் விலையையும் திறனையும் பார்ப்பதற்கு முன் பின்வரும் கேள்விகளுக்கு விடை காணுதல் நன்று.

* யாருடன் பேசவேண்டும்? உடன் வரும் இரண்டு மூன்று ஊர்திகளுடன் மட்டும் எனில் உரிமம் தேவைப்படாத கைக்கருவிகளே போதும்.
* எவ்வளவு தொலைவு? 10 கி.மீ.க்கு மேல் எனில் உயரமான நிலையமோ மீள்பரப்பியோ தேவை.
* எவ்வகை உரிமம் உள்ளது? அதுவே பட்டையைத் தீர்மானிக்கும்.
* ஊர்தியின் கூரை உலோகமா, கித்தானா, கண்ணாடியிழையா? இதனைப் பொறுத்தே ஆன்டெனாவின் வகை அமையும்.

144 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு விற்கப்படும் ஊர்திக் கருவிகள் பொதுவாக 25 முதல் 50 வாட் வரை திறனுடையவை. கரிசல் பகுதி போன்ற வெளியான சமநிலத்தில் 25 வாட் பெரும்பாலும் போதுமானது. திறனைக் குறைத்து வைக்கும் வசதி, வெயிலில் படிக்கக்கூடிய முகப்பு, கையுறையுடனும் அழுத்தக்கூடிய பொத்தான்கள், வெளி ஒலிபெருக்கிக்கான துளை ஆகியவை வாட் எண்ணைவிடப் பயனுள்ள சிறப்புகள் ஆகும். முகப்பைத் தனியே கழற்றிப் பொருத்தக்கூடிய கருவியில், உடற்பகுதியை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு முகப்பை மட்டும் ஓட்டுநருக்கு அருகில் வைக்கலாம்.

மிக மலிவான கருவிகள் சில, செலுத்தும் அதிர்வெண்ணுடன் அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களிலும் கசிவை உண்டாக்குகின்றன. 145 மெகாஹெர்ட்சின் மும்மடங்கு 435 மெகாஹெர்ட்ஸ் ஆகும். அதாவது ஒரு பட்டையில் பேசுபவர் தாம் அறியாமலே இன்னொரு பட்டையில் இடையூறு செய்யக்கூடும். உரிய வகை ஒப்புதல் பெற்ற கருவியை வாங்குவது இதனைத் தவிர்க்கும்.

7 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறை அதிர்வெண்களில் அமெச்சூர்கள் ஊர்தியிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவுக்குப் பேசுவதுண்டு. ஆனால் அங்கே கால் அலைநீளம் 10 மீட்டருக்கும் மேற்பட்டது. ஊர்தியில் வைக்கக்கூடிய இரண்டு மீட்டர் ஆன்டெனாவில் சுருள் சேர்த்து ஒத்திசைக்கும்போது ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகின்றது. தொடக்க நிலையினர் மீயுயர் அதிர்வெண்ணில் தொடங்குவதே எளிது.

நிறுவுதல்

கருவியின் இடம்

கருவியை முகப்புப் பலகையின் மேல் வைத்தல் கூடாது. கோடையில் மூடிய ஊர்தியினுள், கண்ணாடிக்கு அடியில் வெப்பநிலை மிக உயர்கின்றது. பெரும்பாலான கருவிகளுக்கு உற்பத்தியாளர் கூறும் மேல் எல்லை 60 பாகை செல்சியசு ஆகும். செலுத்தும்போது கருவி தானும் வெப்பத்தை வெளியிடுவதால், அதன் பின்புற வெப்பப் பரப்பிக்குக் காற்றோட்டம் வேண்டும். காற்றுப்பை விரியும் இடத்திலோ, அதன் வழியிலோ கருவியையும் ஒலிவாங்கியையும் பொருத்தக் கூடாது. மேடு பள்ளங்களில் குலுங்கும் ஊர்தியில் கழன்று விழும் ஒரு கிலோ எடையுள்ள கருவி பயணியைக் காயப்படுத்தும். எனவே திருகாணியுடன் கூடிய உலோகத் தாங்கியிலேயே அதனைப் பொருத்தவேண்டும்.

மின் இணைப்பு

50 வாட் கருவி செலுத்தும்போது சுமார் 10 முதல் 12 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கின்றது. சிகரெட் பற்றவைக்கும் துளை இதற்கெனக் கட்டமைக்கப்பட்டதன்று. மின்கலத்திலிருந்து தனிக்கம்பி இழுப்பதே சரியான முறையாகும். கம்பியின் தடிமன் முக்கியமானது. மின்கலத்திலிருந்து கருவி 5 மீட்டர் தொலைவில் உள்ளதெனவும், மின்னோட்டம் 11 ஆம்பியர் எனவும் கொண்டால், போகவும் வரவும் 10 மீட்டர் செம்புக்கம்பியில் ஏற்படும் மின்னழுத்த இழப்பு பின்வருமாறு:

* 1 சதுர மி.மீ. கம்பி: சுமார் 1.9 வோல்ட்
* 2.5 சதுர மி.மீ. கம்பி: சுமார் 0.8 வோல்ட்
* 4 சதுர மி.மீ. கம்பி: சுமார் 0.5 வோல்ட்
* 6 சதுர மி.மீ. கம்பி: சுமார் 0.3 வோல்ட்

பெரும்பாலான கருவிகள் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. மெல்லிய கம்பியில் இணைத்த கருவி, கேட்கும்போது ஒழுங்காக இயங்கிப் பேசப் பொத்தானை அழுத்தியவுடன் அணைந்துபோகும். கருவி பழுதென்று கருதப்படும் நிகழ்வுகள் பலவற்றில் உண்மையான காரணம் இதுவே.

ஃபியூஸ் எனப்படும் மின் உருகி, நேர்முனைக் கம்பியில் மின்கலத்திற்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். கருவிக்கு அருகில் மட்டும் உருகி இருந்தால், இடையில் கம்பி உராய்ந்து ஊர்தியின் உடலைத் தொடும்போது அது காப்பதில்லை; கம்பி தீப்பற்றும். உருகியின் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். மேற்கூறிய கருவிக்கு 15 ஆம்பியர் உருகி பொருந்தும். என்ஜின் அறைத் தகட்டைக் கடக்கும் இடத்தில் துளைக்கு ரப்பர் வளையம் இட்டே கம்பியைச் செலுத்தவேண்டும். புகைபோக்கிக் குழாய், மின்விசிறி, திசைமாற்றித் தண்டு ஆகியவற்றிலிருந்து கம்பி விலகிச் செல்லவேண்டும்.

மின்கலத்தின் எதிர்முனையில் மின்னோட்ட உணரி பொருத்தப்பட்ட புதிய ஊர்திகளில், கருவியின் எதிர்முனைக் கம்பியை மின்கல முனையில் நேரடியாக இணைக்காமல், மின்கலம் ஊர்தி உடலுடன் இணையும் இடத்தில் இணைத்தல் வேண்டும். படைத்துறையிலிருந்து ஏலத்தில் வந்த சில பழைய ஊர்திகளில் மின்னமைப்பு 24 வோல்ட் ஆகும். அவற்றில் 12 வோல்ட் கருவியை நேரடியாக இணைத்தால் கருவி எரிந்துவிடும். மாற்றி ஒன்று கட்டாயம் தேவை.

ஆன்டெனா

ஊர்திகளிற் பரவலாகப் பயன்படுவது கால் அலைநீள ஆன்டெனா ஆகும். 145 மெகாஹெர்ட்சில் இதன் நீளம் சுமார் 49 செ.மீ.; 435 மெகாஹெர்ட்சில் சுமார் 16 செ.மீ.; 27 மெகாஹெர்ட்சில் ஏறத்தாழ 2.7 மீட்டர். இவ்வகை ஆன்டெனா தனித்து இயங்குவதில்லை. அதன் அடியில் எல்லாத் திசைகளிலும் குறைந்தது அதே நீளத்திற்கு உலோகப் பரப்பு இருக்கவேண்டும். உலோகக் கூரையின் நடுப்பகுதியே இதற்கு மிகச் சிறந்த இடம்.

ஊர்தி ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்பதால், நிலத்துடன் சங்கிலியோ கம்பியோ இணைத்தால் வானொலி நன்கு இயங்கும் என்ற கருத்து நிலவுகின்றது. இது தவறு. மீயுயர் அதிர்வெண்ணில் ஆன்டெனாவுக்குத் தளமாக அமைவது ஊர்தியின் உலோக உடலே. அடியிலுள்ள கரிசல் மண் நனைந்திருப்பதும் காய்ந்திருப்பதும் இதில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைத் தருவதில்லை.

கித்தான் அல்லது கண்ணாடியிழைக் கூரை கொண்ட ஜீப்புகளில் மேற்கூறிய தளம் கிடைப்பதில்லை. அவற்றில் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, முன்சக்கர மூடியின் மேலோ பானெட்டின் ஓரத்திலோ தாங்கி வைத்து ஆன்டெனாவைப் பொருத்துதல். இதில் அலை ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் மெலிந்தும் செல்லும். இரண்டாவது, கூரைமேல் உலோகச் சட்டம் அமைத்து அதில் தகடு ஒன்றைப் பொருத்தி, அதன் நடுவில் ஆன்டெனாவை வைத்தல். மூன்றாவது, உலோகத் தளம் தேவைப்படாத அரை அலைநீள ஆன்டெனாவைப் பயன்படுத்துதல். 145 மெகாஹெர்ட்சில் இது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது.

காந்த அடித்தளம் கொண்ட ஆன்டெனா துளையிடாமல் வைக்க உதவும். ஆனால் அதற்கும் கூரைக்கும் இடையில் புழுதி சேர்ந்து வண்ணப்பூச்சைக் கீறும். வண்டிப்பாதைகளில் இருபுறமும் நீண்டிருக்கும் சீமைக்கருவேலக் கிளைகள் அதனைத் தட்டிவிடும். இத்தகைய பாதைகளில் அடிக்கடி செல்லும் ஊர்திக்குத் துளையிட்டுப் பொருத்திய அடித்தளமும், அடிபட்டால் வளைந்து நிமிரும் சுருள்வில்லும் பொருத்தமானவை.

கேபிளும் இணைப்பிகளும்

கருவியையும் ஆன்டெனாவையும் இணைப்பது 50 ஓம் மின்மறுப்புடைய இணையச்சு வடம் ஆகும். தொலைக்காட்சிக்குரிய கேபிள் 75 ஓம் ஆதலால் அதனைப் பயன்படுத்தக் கூடாது. ஆர்.ஜி.-58 வகைக் கேபிளில் 145 மெகாஹெர்ட்சில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் இழப்பு ஏற்படுகின்றது. 5 மீட்டருக்கு இது 1 டெசிபல் ஆகும். அதாவது 25 வாட்டில் ஏறத்தாழ 5 வாட் கேபிளிலேயே வீணாகின்றது. 435 மெகாஹெர்ட்சில் இழப்பு இன்னும் கூடும். தேவைக்கு மேற்பட்ட நீளத்தைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிடுதல் நல்லது. கதவிடுக்கில் கேபிள் நசுங்கினால் அதன் மின்மறுப்பு மாறிவிடும். வெளியே உள்ள இணைப்பியில் நீர் புகாதபடி நீர்த்தடுப்பு நாடா சுற்றவேண்டும்.

ஒத்திசைத்தல்

ஆன்டெனாவிற்குச் சென்ற ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகின்றது என்பதை நிலையலை விகிதம் காட்டுகின்றது. இது 1.5 ஆக இருக்கும்போது 4 விழுக்காடும், 2 ஆக இருக்கும்போது 11 விழுக்காடும், 3 ஆக இருக்கும்போது 25 விழுக்காடும் திரும்புகின்றன. 1.5 அல்லது அதற்குக் குறைவான அளவு நன்று. 3 ஐத் தாண்டினால் செலுத்தும் பகுதி சேதமடையலாம்.

அளவிடும்போது ஊர்தி திறந்த வெளியில், கதவுகள் மூடிய நிலையில் இருக்கவேண்டும். திறனைக் குறைத்து வைத்துப் பட்டையின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் அளக்கவேண்டும். தொடக்கத்தில் விகிதம் மிகக் குறைவாக இருந்தால் ஆன்டெனா தேவைக்கு மேல் நீளமாக உள்ளது, சில மி.மீ. அளவில் வெட்டிச் சரிசெய்யலாம். முடிவில் குறைவாக இருந்தால் நீளம் போதவில்லை. வெட்டியதை மீண்டும் ஒட்ட இயலாதாகையால் சிறிது சிறிதாக வெட்டுதல் வேண்டும்.

இரைச்சல்

பெட்ரோல் என்ஜினின் தீப்பொறி, ஆல்டர்னேட்டர், எரிபொருள் இறைப்பி, கைபேசி மின்னேற்றி ஆகியவை இரைச்சலை உண்டாக்குகின்றன. என்ஜின் வேகத்துடன் சுருதி கூடிக் குறையும் ஓசை ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. டீசல் என்ஜினில் தீப்பொறி இரைச்சல் இல்லை. கருவிக்குத் தனிக்கம்பி இழுத்தல், பானெட்டையும் கதவுகளையும் உடற்பகுதியுடன் பின்னல் கம்பியால் இணைத்தல், மின்கம்பியில் ஃபெரைட் வளையம் இடுதல் ஆகியவற்றால் இரைச்சலைக் குறைக்கலாம். தரங்குறைந்த கைபேசி மின்னேற்றியைக் கழற்றிவிடுவதே சில வேளைகளில் போதுமானதாக அமைகின்றது.

பேசும் முறை

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச இயலும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசத் தொடங்கினால் முதற்சொல் அறுபடாது. அமெச்சூர்கள் தம் அழைப்புக்குறியைக் கூறுதல் கட்டாயம். செய்தி சுருக்கமாகவும், இடம், நிலை, தேவை என்ற வரிசையிலும் அமைவது நன்று. கரிசல் காட்டில் சாலைப் பெயர்கள் இல்லாதபோது ஊர், கண்மாய், காற்றாலையின் எண், இரயில் கடவு போன்ற அடையாளங்களையோ, செயற்கைக்கோள் இடங்காட்டி தரும் அகலாங்கு, நெட்டாங்கு எண்களையோ கூறவேண்டும்.

2019 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதலுக்குள் அடக்குகின்றது. எனவே ஓட்டுநர் ஊர்தியை நிறுத்திவிட்டுப் பேசவேண்டும். இல்லையேல் அருகில் இருப்பவர் பேசுதல் வேண்டும்.

பாதுகாப்பு

* கல் குவாரிகளில் மின்சாரத்தால் வெடிக்கும் வெடிப்பான்கள் பயன்படுத்தப்படும் இடங்களுக்கு அருகில் செலுத்துதல் கூடாது. வெடிப்பானின் கம்பிகள் ஆன்டெனாவைப் போல அலையை வாங்கி, அதனால் வெடிப்பு நிகழ வாய்ப்புண்டு. எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் கருவியை முற்றிலும் அணைத்துவிடவேண்டும்.
* எரிபொருள் நிரப்பும்போதும், பட்டாசு, தீப்பெட்டி மருந்துக் கிடங்குகளுக்கு அருகிலும் செலுத்தக் கூடாது.
* செலுத்தும்போது ஆன்டெனாவை எவரும் தொடக் கூடாது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் தோலைச் சுடும்.
* 27 மெகாஹெர்ட்ஸ் நீள ஆன்டெனாவை ஜீப்பின் மேல் வைத்தால் மொத்த உயரம் 4.5 மீட்டரையும் தாண்டலாம். வயல்களின் குறுக்கே தாழத் தொங்கும் மின்கம்பிகளின் கீழ் செல்லும்போது அதனைச் சாய்த்துக் கட்டவேண்டும்.
* மரங்களற்ற வெளியில் இடி மின்னலின்போது ஊர்தியே உயர்ந்த பொருளாகிவிடும். ஆன்டெனாவைத் தாழ்த்திக் கருவியைத் தொடாதிருத்தல் வேண்டும்.

பராமரிப்பு

கரிசல் புழுதி மிக நுண்ணியது. அது கருவியின் விசிறியிலும் ஒலிவாங்கியின் துளைகளிலும் படிகின்றது. மாதம் ஒருமுறை மென்தூரிகையால் அகற்றவேண்டும். தூத்துக்குடிக் கடற்கரையின் உப்பளங்கள் பக்கம் செல்லும் ஊர்திகளில் உடல் இணைப்புகளும் ஆன்டெனா அடித்தளமும் விரைவில் அரிக்கப்படுகின்றன. பருவமழைக்கு முன்பாக இணைப்புகளைக் கழற்றித் துடைத்து, நிலையலை விகிதத்தை மீண்டும் அளந்து, முன்பு எழுதிவைத்த அளவுடன் ஒப்பிடுதல் நல்ல வழக்கமாகும். விகிதம் திடீரெனக் கூடியிருந்தால் பெரும்பாலும் கேபிளிலோ இணைப்பியிலோ நீர் புகுந்திருக்கும்.

வரையறைகள்

இருவழி வானொலியில் தனிமை இல்லை. அதே அதிர்வெண்ணில் உள்ள எவரும் கேட்கலாம். இது 112 என்னும் அவசர எண்ணுடன் இணைந்ததன்று. மறுமுனையில் எவரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே பயன் தரும். ஆகையால் பயணம் தொடங்கும் முன்பே யார், எந்த அதிர்வெண்ணில், எந்த நேரங்களில் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதை முடிவு செய்துகொள்ளவேண்டும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அந்தமானில் அமெச்சூர் வானொலியாளர்கள் செய்தித் தொடர்புக்கு உதவ முடிந்தது, அவர்களின் நிலையம் ஏற்கனவே அங்கு இயங்கிக்கொண்டிருந்ததாலும், பிற இடங்களில் கேட்போர் இருந்ததாலுமே ஆகும். வெள்ளம் வந்தபின் வாங்கிப் பொருத்தும் கருவியைவிட, முன்கூட்டியே நிறுவிச் சோதித்துப் பழகிய சிறிய கருவி மிகுந்த பயனுடையது.

இவற்றையும் பார்க்க

* அமெச்சூர் வானொலி
* அதிர்வெண் பண்பேற்றம்
* மீள்பரப்பி
* கரிசல் மண்
* கடம்பூர்